படகு கிளம்பியாச்சு... பாட்டில் எங்கே பாஸ்?

ஃபைனல் இயர் டூர். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று சொல்லி ஹெச்.ஓ.டி.யிடம் கையெழுத்து வாங்கியாச்சு. கொச்சியில் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் குரூப் போட்டோ எடுத்ததோடு 'இண்டஸ்ட்ரி' முடிந்தது. மிச்சமெல்லாம் 'விசிட்'தான்!

அடுத்த நாள் மதியம் பன்னிரண்டு மணி. ஆலப்புழா, புன்னமடை படகுத்துறை. வருஷா வருஷம் டி.வி.யில் நேரு டிராபி பாம்புப் படகுப் போட்டி பார்ப்போமே... அதே புன்னமடைதான். வரிசையாக ஹவுஸ்போட்கள். ஓலைக் கூரை, மூங்கில் ஜன்னல், மாடியில் சோபா. ஏறின அஞ்சாவது நிமிஷம் ஸ்பீக்கர் ஆன். பத்தாவது நிமிஷம் எல்லோருடைய செல்ஃபியும் ஸ்டேட்டஸில். மதியச் சாப்பாட்டுக்கு சுடச்சுட கரிமீன் வறுவல். ரெண்டு பக்கமும் தென்னை, நடுவில் பச்சைத் தண்ணி. 'மச்சான், செத்தா இங்கதான்டா சாகணும்' என்று ஒருத்தன் ஃபீல் பண்ணுவான் பாருங்க... சரியா அந்த நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு கை நீளும்.

டொப்!

காலி தண்ணி பாட்டில். பாட்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. படகு ரெண்டு அடி முன்னால் போனதும் பாட்டிலும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

அந்தக் கை யாரோடது? வில்லன் எல்லாம் இல்லை. ஹாஸ்டலில் ரூமைப் பெருக்குகிற, ரத்ததான முகாமில் முதல் ஆளாக நிற்கிற, நம்ம கிளாஸ் பையன்தான். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க பாஸ்... அது உங்க கையாகக்கூட இருந்திருக்கலாம்.

வீட்டு ஹாலில் இப்படித் தூக்கிப் போட மாட்டோம். கிளாஸ் ரூமில்கூட பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைக்கிற அளவுக்காவது வெட்கம் இருக்கு! படகில் ஏறினதும் மட்டும் அது எங்கே போகுது? அதைத்தான் இந்த வாரம் பேசப் போறோம்.

'தண்ணிதானே, போயிடும்!'

குப்பையைத் தண்ணியில் போடுகிற எல்லோர் மனசிலும் ஒரு நம்பிக்கை இருக்கு. 'ஓடுற தண்ணி, அடிச்சுட்டுப் போயிடும்.' எங்கே போகும் என்று கேட்டால் 'கடலுக்கு' என்பார்கள். கடலுக்குப் போனால் மட்டும் பரவாயில்லையா என்பது தனிக் கதை. வேம்பநாட்டுக் காயல் விஷயத்தில் அந்த நம்பிக்கையே தப்பு.

முதலில் காயலைப் பற்றி ஒரு சின்ன இன்ட்ரோ. இந்தியாவிலேயே நீளமான ஏரி இதுதான். ஆலப்புழா, கோட்டயம், எர்ணாகுளம் என்று மூணு மாவட்டங்களைத் தொடுது. 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் எல்லாம் வந்து கொட்டுவது இதன் தெற்குப் பகுதியில்தான். அந்தப் பக்கம்தான் குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற ஊர். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

கடல் மட்டத்துக்குக் கீழே வயல் என்றால் உப்புத் தண்ணி உள்ளே வந்துவிடுமே? அதைத் தடுக்க 1970-களின் மத்தியில் காயலுக்குக் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். பொதுவாக டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கினால், திரும்ப ஏற்ற மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அந்த மாசங்களில் கடலோட ஏற்ற இறக்கம் தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்காது. தினமும் ரெண்டு தடவை உள்ளே வந்து, கழுவிவிட்டு, வெளியே போக வேண்டிய தண்ணி வருவதில்லை.

இப்போ டூர் காலண்டரை எடுங்க. கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் லீவு. ஹவுஸ்போட் ரேட் எகிறுவது எப்போ? அதே டிசம்பர், ஜனவரியில்தான்! கூட்டம் குவிகிற மாசமும் கதவை மூடுகிற மாசமும் ஒன்று. ஆலப்புழா, குமரகம் என்று நாம் சுத்துகிற அத்தனை இடமும் அந்தத் தடுப்பணைக்குத் தெற்கே இருக்கு. அதாவது, அடைத்து வைத்த தொட்டியில் உட்கார்ந்துதான் பார்ட்டி கொண்டாடுகிறோம். நீங்க போட்ட பாட்டில் கடலுக்குப் போகலை பாஸ். அங்கேயேதான் சுத்திக்கிட்டு இருக்கு.

உப்பு வராததால் இன்னொரு வினை. ஆகாயத்தாமரை! உப்புத் தண்ணி பட்டால் செத்துப்போகிற இந்தச் செடி, நல்ல தண்ணியும் அழுக்கும் சேர்ந்தால் கல்யாண வீட்டில் பந்தி விரித்த மாதிரி பரவும். கால்வாயையே பச்சைப் போர்வையாக மூடிவிடும். அந்தப் போர்வைக்குள் பாட்டில், சிப்ஸ் கவர், தெர்மாகோல் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கும். மேலே இருந்து போட்டோ எடுத்தால் 'செம பச்சை'. பக்கத்தில் போனால் மூக்கைப் பிடிக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு

மேத்ஸ் வராதவங்களுக்கும் புரியும். ஒரு டூர் பேட்ச், 50 பேர், ஒரு ராத்திரி தங்கல் என்று வெச்சுக்குவோம். ஆளுக்கு மூணு தண்ணி பாட்டில் என்றால் 150. ஆளுக்கு ரெண்டு நொறுக்குத் தீனி பாக்கெட் என்றால் 100. டீ, ஜூஸ் என்று ஆளுக்கு நாலு கப், அது 200. மொத்தம் 450 அயிட்டம். இதில் நூற்றுக்குப் பத்து மட்டும் 'தவறி' விழுந்தாலே 45. இது ஒரு பேட்ச், ஒரு நாள். சீசனில் நூற்றுக்கணக்கான படகுகள், வாரக்கணக்கில். மீதியை உங்க கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க!

சட்டம் என்ன சொல்லுது என்று கேட்டால், கேரளாவில் 2020 ஜனவரி 1 முதலே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்பூன் எல்லாம் தடைப் பட்டியலுக்குப் போயாச்சு. ஆனால், நாடு தழுவிய அந்த லிஸ்டில் சிப்ஸ் பாக்கெட்டும் இல்லை, லிட்டர் தண்ணி பாட்டிலும் இல்லை. டூர் பஸ்ஸில் அதிகமாக ஏறுகிற ரெண்டு பேர் அவங்கதான்!

இதிலும் பாட்டிலுக்காவது காயலான் கடையில் ஒரு விலை இருக்கு. யாராவது பொறுக்குவார்கள். சிப்ஸ் பாக்கெட் அப்படியில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சுமாக அடுக்கு அடுக்காக ஒட்டிச் செய்தது. பிரித்து எடுக்க முடியாது, விற்கவும் முடியாது. அதனால் எடுக்க ஆளும் இல்லை. தண்ணியில் விழுந்தால் விழுந்ததுதான்.

அடியில் என்ன இருக்கு?

மிதக்கிற வரைக்கும்தான் குப்பை நம் கண்ணுக்குத் தெரியும். வெயிலில் காய்ந்து, நொறுங்கி, சேறு ஏறி அடியில் போய்ப் படுத்துவிட்டால் 'காயல் க்ளீன் ஆயிடுச்சு' என்று நினைத்துக்கொள்வோம்.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காயலின் பத்து இடங்களில் அடிவண்டலை எடுத்துச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து இடத்திலும் மைக்ரோபிளாஸ்டிக்! சதுர மீட்டருக்குச் சராசரியாக 250 துகள்களுக்கும் மேல். இந்திய ஏரி ஒன்றில் மைக்ரோபிளாஸ்டிக் இருப்பதைச் சொன்ன முதல் ஆய்வு அதுதான். அதிகமாகக் கிடைத்தது எது தெரியுமா? கேரிபேக்கும் கவரும் செய்கிற பாலிதீன் ரகம்.

அதற்குப் பிறகு கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் இன்னும் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்தது. 1900-க்கும் 2020-க்கும் நடுவில் காயலின் கொள்ளளவு சுமார் 85 சதவீதம் குறைந்துவிட்டது என்றும், அடித்தரையில் மூவாயிரம் டன் அளவுக்கு பிளாஸ்டிக் புதைந்து கிடக்கிறது என்றும் சொன்னது. கொள்ளளவு குறைந்ததற்கு முக்கியக் காரணம் கரையைத் தூர்த்து நிலமாக்கியதும், ஆறுகள் கொண்டுவந்த வண்டலும்தான். அந்தப் பழியை டூர் பசங்க தலையில் கட்ட முடியாது. ஆனால், அந்த மூவாயிரம் டன்னில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு. மறுக்க முடியுமா?

அந்த அடிச்சேற்றில்தான் கருப்பு மட்டி வாழுது. கக்கா என்பார்கள். சேற்றைக் கையால் துழாவியும், வலைக் கூடையால் வாரியும் அதை எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். மட்டிக்கு வேலையே தண்ணியை உறிஞ்சி, வடிகட்டி, அதில் இருப்பதைத் தின்பது. தண்ணியில் என்ன இருக்கோ, அதுதான் அதன் மெனு. மதியம் நாம் ரசித்துச் சாப்பிட்ட கரிமீன், கேரளாவின் மாநில மீன். அது மேய்வதும் இதே தண்ணியில்தான். டொப்பென்று போட்டது, சுத்திச் சுத்தி நம்ம தட்டுக்கே வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

சாயங்காலம் அஞ்சரை, ஆறு மணிக்கு மேல் ஹவுஸ்போட்கள் ஓடாமல் கரை ஒதுங்கிவிடும், கவனிச்சிருக்கீங்களா? காயலில் மீன்பிடிப்பவர்கள் வலை விரிக்கிற நேரம் அது. நாம் மாடியில் அந்தாக்ஷரி ஆரம்பிக்கும்போது அவர்களுக்கு வேலை ஆரம்பம். விடிகாலையில் வலையை இழுத்தால் மீனோடு சேர்ந்து கவரும் வரும், பாட்டிலும் வரும். அதைப் பிரித்து எடுக்கிற நேரம் அவர்களுக்கு நஷ்டம். கிழிகிற வலை நஷ்டம். இன்ஜின் விசிறியில் கேரிபேக் சுற்றிக்கொண்டால் நடுக்காயலில் நிற்க வேண்டியதுதான். நமக்கு ஒரு ராத்திரி டூர். அவர்களுக்கு அது ஆபீஸ். நம்ம ஆபீஸில் ஒருத்தன் வந்து தினமும் குப்பை கொட்டினால் சும்மா இருப்போமா?

கண்ணுக்குத் தெரியாத குப்பை

இது கொஞ்சம் கூச்சமான சப்ஜெக்ட். ஆனாலும் பேசித்தான் ஆகணும். ஹவுஸ்போட்டில் அட்டாச்டு பாத்ரூம் இருக்கு. ஃபிளஷ் பண்ணியதும் அது எங்கே போகுது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

முறைப்படி என்ன நடக்கணும்? படகின் அடியில் கழிவுத் தொட்டி அல்லது பயோ டாய்லெட் இருக்கணும். தொட்டி நிறைந்தால், கரையில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க் காலி பண்ணணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வாங்கியிருக்கணும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், அதற்கு நேரமும் பணமும் செலவாகும். சீசனில் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் இறங்கி, பன்னிரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் ஏறும். நடுவில் மூணே மூணு மணி நேரம். பெட்ஷீட் மாற்றணும், சமையலுக்குச் சாமான் ஏற்றணும், டீசல் போடணும். இந்த அவசரத்தில் தொட்டியைக் காலி பண்ண வரிசையில் நிற்பதா என்று யோசிக்கிற ஒரு சிலர், இருட்டில் வால்வைத் திறந்துவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

குளிக்கிற தண்ணிக்கு ஒரு அளவுகோல் இருக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி, 100 மில்லி தண்ணியில் மலக்கழிவு பாக்டீரியா எண்ணிக்கை 500-க்குள் இருந்தால் நல்லது. அதிகபட்சம் 2,500. காயலில் பல இடங்களில் எடுத்த தண்ணி இந்த எல்லையைத் தாண்டியிருக்கு. டீசலும் இன்ஜின் ஆயிலும் சிந்தி, தண்ணி மேல் வானவில் மாதிரி மின்னும். அது அழகு இல்லை மக்களே, அழுக்கு.

படகு மெதுவாகப் போகும்போது கரையோரம் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கால்வாய்க்குள் இறங்குகிற படிக்கட்டு. அதில் உட்கார்ந்து ஒரு பாட்டி பாத்திரம் தேய்ப்பார், ஒரு அக்கா துணி துவைப்பார். நாம் அதை 'ஹவ் க்யூட்' என்று போட்டோ எடுத்திருப்போம். அவங்க தேய்க்கிறது நாம் கலங்க வைத்த அதே தண்ணியில்தான். சுற்றிலும் தண்ணி சூழ்ந்த குட்டநாட்டில், குடிப்பதற்குப் படகில் கொண்டுவரும் தண்ணிக்காகக் குடத்தோடு காத்திருக்கிற குடும்பங்கள் இருக்கு. ஒரு லிட்டர் பாட்டிலைப் பாதி குடித்துவிட்டு எறிகிற நாம், தண்ணிக்கு நடுவில் தண்ணிக்கு அலைகிற அவங்க வீட்டு வாசலில்தான் எறிகிறோம்.

நாங்க மட்டும்தானா?

கோபம் வருதா? நியாயம்தான். 'எல்லாக் குப்பையும் டூரிஸ்ட் போட்டதா? ஊர்க்காரங்க போடலையா?' என்று கேட்கத் தோணும். சரியான கேள்வி.

ஆறுகள் வழியில் இருக்கிற ஊர்களின் கழிவைச் சுமந்துகொண்டு வருது. வயல்களில் அடித்த பூச்சிமருந்தும் உரமும் கலக்குது. கரையோர வீடுகள், ரிசார்ட்கள், கடைகள் என்று பங்காளிகள் நிறைய. சபரிமலை சீசனில் பம்பையில் சேர்கிற அழுக்கும் கீழே குட்டநாட்டுக்குத்தான் இறங்குது. நம்ம ஊரிலிருந்தும் லட்சக்கணக்கில் மாலை போட்டுக்கொண்டு போகிறோமே, அந்தக் கணக்கையும் சேர்த்துக்கணும்.

ஆனால், டூரிஸ்ட்டுக்கும் மற்றவங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஊர்க்காரருக்கு நாளைக்கும் அந்தத் தண்ணிதான். நமக்கு நாளைக்கு மூணாறு! அழுக்குப் பண்ணியவன் அதன் நாற்றத்தை அனுபவிக்காமல் கிளம்பிவிடலாம் என்கிற வசதி நமக்கு மட்டும்தான் இருக்கு. மொத்தப் பிரச்னையும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்குது.

இதற்கு ஆலப்புழா டவுனே ஒரு பாடம் வைத்திருக்கு. டவுன் குப்பையை எல்லாம் வெளியே ஒரு கிராமத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து மக்கள் லாரிகளை மறித்துப் போராடினார்கள். குப்பை போக இடமில்லாமல் தெருவிலேயே குவிந்தது. 2012-ல் 'நிர்மல பவனம் நிர்மல நகரம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஐடியா ரொம்ப சிம்பிள். உன் வீட்டுக் குப்பை உன் வீட்டிலேயே முடியணும். வீடுகளுக்கு பயோகேஸ் கலன், பைப் கம்போஸ்ட். முடியாதவர்களுக்குத் தெருமுனையில் உரத்தொட்டி. ஐந்தே வருஷத்தில், 2017-ல், குப்பை மேலாண்மையில் உலகத்துக்கே முன்மாதிரியான ஐந்து நகரங்களில் ஒன்று என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு ஆலப்புழாவைச் சொன்னது. ஜப்பானின் ஒசாகாவும் அதே லிஸ்டில் இருந்தது. டவுனுக்குள் ஓடுகிற கால்வாய்களில் பிரச்னை இன்னும் தீரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் தெருவில் ஜெயித்தது எப்படி? மெஷின் வாங்கி இல்லை. குப்பைக்கு ஓனர் யார் என்று முடிவு பண்ணியதால்.

படகில் அந்த ஓனர் காணாமல் போகிறார். பயணிக்கு அது ஒரு ராத்திரி வீடு. சமையல்காரரும் டிரைவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். 'சார், தண்ணியில போடாதீங்க' என்று சொன்னால் கஸ்டமர் முகம் சுளிப்பாரோ, டிப்ஸ் போய்விடுமோ, ஸ்டார் ரேட்டிங் குறைந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அவர்கள் சொல்லத் தயங்கினால், சொல்ல வேண்டிய ஆள் யாரு? பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்கதான்!

துடுப்பு பிடித்த கைகள்

ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக் கூடாது. பெயர் என்.எஸ்.ராஜப்பன். குமரகம் பக்கத்துக்காரர். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், நடக்க முடியாது. ஒரு சின்ன வள்ளத்தில் உட்கார்ந்து, மீனச்சில் ஆற்றிலும் வேம்பநாட்டுக் காயலிலும் துடுப்புப் போட்டுக்கொண்டு போய், மிதக்கிற பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்குவதுதான் அவருடைய தொழில். வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார். 2021 ஜனவரி கடைசியில் பிரதமர் தன் 'மனதின் குரல்' ரேடியோ நிகழ்ச்சியில் அவரைப் பாராட்டிப் பேசியபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது.

எல்லோரும் கை தட்டினோம். தட்டணும்தான். ஆனால், ஒரு நிமிஷம்... அவர் பொறுக்கிய ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருத்தர் கையிலிருந்து விழுந்ததுதானே? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நல்லா ஓடுகிற கால்கள் இருந்தன. படகிலிருந்து டஸ்ட்பின் வரைக்கும் பத்தே அடிதான் நடக்க வேண்டியிருந்தது. நடக்க முடிந்தவர்கள் நடக்கவில்லை. நடக்க முடியாதவர் துடுப்புப் போட்டார். இதைவிட என்ன சொல்ல?

டூர் கமிட்டிக்கு ஹோம் ஒர்க்!

'சரி பாஸ், டூரே போகக் கூடாதா?' என்று கேட்காதீங்க. தாராளமாகப் போங்க. அந்தப் படகுகளை நம்பி நிறைய குடும்பங்கள் பிழைக்குது. ஆணி அடிக்காமல் கயிறால் பலகைகளைத் தைத்து, ஒரு காலத்தில் நெல் ஏற்றிப்போன கெட்டுவள்ளங்கள், லாரி வந்ததும் வேலை இழந்து நின்றன. 1990-களில் ஹவுஸ்போட்டாக மறுபிறவி எடுத்தது டூரிஸ்ட்களால்தான். போவது தப்பில்லை. எப்படிப் போகிறோம் என்பதுதான் மேட்டர்.

புக் பண்றதுக்கு முன்னாடி: ரேட்டுக்குப் பேரம் பேசுகிற அதே வாயால் மூணு கேள்வி சேர்த்துக் கேளுங்க. படகுக்குப் பதிவு எண் இருக்கா? கழிவுத் தொட்டியைக் கடைசியாக எப்போ, எங்கே காலி பண்ணீங்க? கேரள சுற்றுலாத்துறையின் 'கிரீன் பாம்' சான்றிதழ் இருக்கா? முதல் தடவை கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பத்து காலேஜ் கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். ஐம்பது காலேஜ் கேட்டால் தொட்டியையே தயாராக வைத்திருப்பார்கள். மார்க்கெட்டிங் கிளாஸில் படித்த 'டிமாண்ட்' இதுதான் பாஸ்!

பஸ் ஏறும்போது: ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில். படகில் 20 லிட்டர் கேன் கேளுங்க. அம்மா கட்டிக் கொடுக்கிற முறுக்கு டப்பா, சிப்ஸ் பாக்கெட்டைவிட ருசி. குப்பையும் மிச்சமில்லை. டீக்குக் கண்ணாடி கிளாஸ் வேணும் என்று முன்னாடியே சொல்லிடுங்க.

படகில்: ஏறினதும் முதல் வேலை, மூடி போட்ட டஸ்ட்பின் எங்கே என்று பார்ப்பது. மூடி இல்லாத பக்கெட்டில் போட்டால் காற்று அடித்து எல்லாம் தண்ணிக்குத்தான். மேல்மாடியில் பேப்பர் தட்டு வேண்டவே வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தை 'மீனுக்குப் போடுறேன்' என்று கொட்டாதீங்க. ஓட்டமில்லாத தண்ணியில் அது அழுகி, மீன் சுவாசிக்கிற ஆக்சிஜனைத்தான் தின்னும். சானிட்டரி நாப்கின், ஷாம்பு பாக்கெட் எதையும் ஃபிளஷ் பண்ணாதீங்க. பேப்பரில் சுற்றி டஸ்ட்பின்னில் போடுங்க.

இறங்கும்போது: குப்பையை எண்ணுங்க. ஆமாம், எண்ணுங்க! ஏற்றின பாட்டில் எத்தனை, இறக்கின பாட்டில் எத்தனை? டூர் செலவுக்குக் கணக்கு எழுதுகிற நண்பன் இதற்கும் ரெண்டு வரி எழுதட்டும். 'படகுக்காரங்க பார்த்துப்பாங்க' என்று விட்டுவிடாமல், கரையில் அதை எங்கே சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்க. கேரளா முழுக்க ஹரித கர்ம சேனை என்று பெண்கள் குழுக்கள் மக்காத குப்பையைச் சேகரிக்குது. அங்கே போய்ச் சேர வழி இருக்கு.

அப்புறம், கையில் இருக்கிற செல்போன்! 2025-ல் கொச்சியில் நடந்ததைக் கேளுங்க. காயலோரம் இருந்த ஒரு பிரபல பாடகரின் வீட்டிலிருந்து குப்பை தண்ணிக்குள் எறியப்பட்டதை, படகில் போன ஒரு டூரிஸ்ட் வீடியோ எடுத்திருந்தார். அந்த வீடியோ உள்ளாட்சித் துறையின் கவனத்துக்குப் போனது. பஞ்சாயத்து விசாரித்து 25,000 ரூபாய் அபராதம் போட்டது. வி.ஐ.பி. என்றும் பார்க்கவில்லை. செல்ஃபி எடுக்கிற அதே கேமராவுக்கு இவ்வளவு பவர் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும், அது நம்ம பக்கமும் திரும்பும்!

நம்ம ஏரி மட்டும் என்ன?

இதைப் படிச்சுட்டு 'கேரளாவே இப்படித்தான்' என்று முடிவு கட்டிடாதீங்க. 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கிய நம்ம ஊட்டி ஏரிக்கு, நகரத்துக் கழிவைச் சுமந்து வந்து சேர்த்தது கோடப்பமந்து கால்வாய். அதே ஏரியில்தான் நாம் பெடல் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தோம். இன்றைக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனால், கோர்ட் உத்தரவுப்படி மலை அடிவாரத்து செக்போஸ்டிலேயே பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால், அது வேலை செய்யுது.

காயலுக்குள் போகும்போது படகுக்குப் படகு செக்போஸ்ட் வைக்க முடியாது. அங்கே செக்போஸ்ட் நாமளாகத்தான் இருக்கணும்.

அடுத்த டூரில் அதே மதியம் வரும். அதே ஸ்பீக்கர், அதே கரிமீன், அதே 'செத்தா இங்கதான்டா' டயலாக். ஓரத்திலிருந்து ஒரு கை நீளும். அந்தக் கையை நீங்க பிடிச்சுடுங்க. அட்வைஸ் எல்லாம் வேணாம். 'குடு மச்சான், நான் போட்டுடறேன்' என்று பாட்டிலை வாங்கிக்குங்க, போதும். அடுத்த தடவை அவனே எழுந்து நடப்பான்.

'டொப்' சத்தம் கேட்காத டூர்... கேட்கவே நல்லா இருக்கில்ல?